சிவப்பு வராத படம்

அந்தப் படத்தை முதலில் பார்த்தது மாதம்மாள் அல்ல. அவள் மேட்டில் ஏறி வருவதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் பலகை முன்னால் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அது நின்ற விதத்திலேயே, பேச்சு தன்னைப் பற்றியதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தலைச்சோலைக்கு மேலே இருக்கும் மேல்காடு எஸ்டேட்டில், காலையில் ஆள் எண்ணும் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. லீவு நாள், மருந்தடிக்கும் நாள், எந்தப் பக்கம் காட்டெருமை நிற்கிறது என்ற எச்சரிக்கை, இவைதான் அதில் ஒட்டியிருக்கும். அன்றைக்கு ஒரு வண்ணப் படம் ஒட்டியிருந்தது. காப்பிக் களத்தில் ஒரு குவியல். பக்கத்தில் குத்தவைத்து இலை பொறுக்கும் மாதம்மாள். குவியல் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. ஒரு பழம்கூடப் பழுத்ததாகத் தெரியவில்லை. கீழே கொட்டை எழுத்தில், ‘இப்படிப் பறிக்கக் கூடாது.’

தோட்டக் கணக்கு எழுதும் ரைட்டர் சத்யராஜ் நோட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவள் பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“மாதம்மா, நீ இனிமே பழத்துக்குப் போக வேண்டாம். கீழ்க்காட்டுல உரக்குழி வெட்டப் போ.”

“எதுக்குங்க?”

“எதுக்குன்னு செவுத்துல ஒட்டியிருக்கு. கண்ணு தெரியுமில்ல?”

“அது நான் பறிச்சதில்லீங்க.”

“படத்துல இருக்கறது நீயா, உன் அக்காளா?”

கூட்டத்தில் மறுபடியும் சிரிப்பு. மாதம்மாளுக்குக் காது சூடேறியது. கையில் இருந்த பழம் பறிக்கும் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மண்வெட்டி வாங்கப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் போனதைத்தான் அன்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோரும் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

பேசாமல் போகிற ஆள் அல்ல அவள். ஐம்பத்திரண்டு வயது. மஞ்சக்குட்டைப் பக்கம் பிறந்தவள். அவளுடைய தாத்தன் காலத்தில் சேலத்துக் கீழ்நாட்டிலிருந்து காப்பி வேலைக்கு மலையேறிய குடும்பம். பதினேழு வயதில் காளியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மேல்காட்டு லைனுக்கு வந்தாள். காளியப்பன் செம்மநத்தத்துக்கும் டவுனுக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மூடுபனிக் காலையில் ஜீப் சரிந்து இடுப்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டிலும் கம்பும்தான். ஒரே மகள் ஆத்தூரில். வீட்டில் அவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குள்ளும் பேச்சு கடுகடுவென்றுதான் இருக்கும்.

மாதம்மாளின் வாய்க்கு லைனே பயப்படும். ஆனால் அவள் கைக்கு மரியாதை இருந்தது. பழுத்துச் சிவந்த பழத்தை மட்டும் விரல் நுனியால் திருகி எடுப்பாள். காய் ஒன்று தவறி வந்தாலும் அதை எடுத்துத் தனியாக மடியில் போட்டுக்கொள்வாள். காய் கலந்தால் தோலுரிக்கும் மெஷினில் சிக்கும், காப்பியின் ருசியும் கெடும் என்று புதிதாக வருகிற பெண்களை அவள்தான் திட்டுவாள். திட்டு வாங்காத பெண் அந்த எஸ்டேட்டில் இல்லை. அதனால்தான் படத்தைப் பார்த்து அத்தனை பேருக்கும் அப்படிச் சிரிப்பு வந்தது.

ரைட்டருக்கு அவள்மேல் இருந்த காய்ச்சல் வேறு. ஐப்பசி மாதம் முதலாளி தோட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது மாதம்மாள் முன்னால் வந்து, “லைன் கக்கூசுக்குக் கதவு இல்லீங்க. நாலு மாசமா ரைட்டர்கிட்டச் சொல்லியாச்சு. பொம்பளைங்க கொடையை விரிச்சு வெச்சுட்டு உள்ள போறமுங்க” என்றாள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் சத்யராஜைக் கடிந்துகொண்டார். இரண்டே நாளில் கதவு வந்தது. அதற்குப் பிறகு சத்யராஜ் அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே இல்லை.

கார்த்திகை பிறந்து பழம் எடுப்பு மும்முரமானபோது, மெஷின் கொட்டகையிலிருந்து புகார் வந்தது. பச்சைக்காய் நிறைய வருகிறதாம். குவியலைப் படம் பிடித்துப் பலகையில் ஒட்டு, பார்த்தால் புத்தி வரும் என்று முதலாளி போனில் சொன்னார். சத்யராஜ் அன்று சாயங்காலம் களத்தில் நின்று தன் போனில் படம் பிடித்ததை மாதம்மாளும் பார்த்தாள். களத்தைப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

குழி வெட்டும் வேலை கடினம். மண் ஈரம், சரிவு வழுக்கல், அட்டை வேறு. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காளியப்பன் கட்டிலில் கிடந்தபடி கேட்டார்.

“நெசமாலுமே காயா பறிச்ச?”

“நீயுமா?”

“படத்துல இருக்குதுன்னு மேஸ்திரி முருகேசன் சொல்றான். படம் பொய் சொல்லுமா?”

“சொல்லாதுன்னா நீ போயி அந்தப் படத்துக்கிட்டயே சோறு வாங்கித் தின்னு” என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். அன்று அவர் சாப்பிட்டாரா என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் அந்தப் பலகைப் பக்கமே அவள் பார்வையைத் திருப்பவில்லை. நான்காம் நாள் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. கிட்டப் போய் நின்று பார்த்தாள். எல்லோரையும் போல அவளும் முதலில் தன் முகத்தைத்தான் பார்த்தாள்.

நெற்றியில் பொட்டு இல்லை.

தினமும் காலையில் கட்டைவிரலால் அழுத்தி, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்வாள். படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மஞ்சள் பூசிய வெறும் நெற்றி. கட்டிலில் புருஷன் உயிரோடு கிடக்க, தன்னை முண்டச்சியாக்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நேரே ஆபீஸ் அறைக்குப் போனாள்.

“எம் பொட்டு எங்கீங்க?”

சத்யராஜ் போனிலிருந்து கண்ணை எடுத்தார். “என்னது?”

“படத்துல எம் பொட்டை எதுக்கு அழிச்சீங்க?”

“பொட்டு எல்லாம் தம்மாத்தூண்டு. போட்டோவுல அது விழுகாது. போ, போய் வேலையைப் பாரு.”

“இலைத் துணுக்குக்கூட விழுந்திருக்குது. காலணாப் பொட்டு விழுகாதாங்க?”

“வீட்டு பிரிண்டர்ல போட்டது, அப்படித்தான் இருக்கும். இப்ப நீ வெளிய போறியா, ஆளைக் கூப்பிடட்டுமா?”

அவள் வெளியே வந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடியும் படத்தின் முன்னால் நின்றாள். பொட்டை அழித்தவன் வேறு எதையெல்லாம் அழித்திருக்கிறான் என்று விரலை வைத்துத் தேடினாள். களத்துச் சுவரில் தீப்பிடித்தால் கொட்டுவதற்காக மணல் வாளிகள் மூன்று தொங்கும். போன பொங்கலுக்கு வர்ணம் அடித்த வாளிகள், ரத்தச் சிவப்பு. படத்தில் அவை கடுகு நிறத்தில் தொங்கின. தலையில் அவள் கட்டியிருந்த சிவப்புத் துண்டு மஞ்சள் துண்டாக இருந்தது. இலை பச்சையாகவே இருந்தது. வானம் வானமாகவே இருந்தது. சிவப்பு மட்டும் எங்கேயும் இல்லை.

பழம் மட்டும் எப்படி இருக்கும்?

அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. பிரிண்டர் என்ற சாமானை எட்ட நின்று பார்த்ததோடு சரி. ஆனால் நிறம் பார்த்துப் பிழைத்தவள். ஒரு பழத்தின் சிவப்பு நேற்று வந்ததா, இன்று வந்ததா, நாளைக்குக் கறுக்கப் போகிறதா என்று சொல்லக்கூடியவள். சிவப்பே விழாத ஒரு படத்தை வைத்துத் தன்னைப் பச்சைக்காய் பறித்தவளாக்கிவிட்டார்கள் என்பது அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மேஸ்திரி முருகேசனைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மறித்தாள். படம் பிடித்த அன்றே ரைட்டர் அதைத் தன் போனுக்கு அனுப்பி, இந்தக் குவியல் யாருடையது என்று கேட்டதாகக் காளியப்பனிடம் அவரே வாய்விட்டிருந்தார்.

“அண்ணா, உன் போனைக் காட்டு.”

“எதுக்கு மாதம்மா வம்பு?”

“காட்டுண்ணா. உன்னை ஒண்ணும் இழுத்துவுட மாட்டேன்.”

முருகேசன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போனைத் திறந்தார். கண்ணாடிக்குள் அதே களம். வாளி சிவப்பு. துண்டு சிவப்பு. நெற்றியில் பொட்டு. அவள் பக்கத்தில் இருந்த குவியல் நல்ல குங்குமச் சிவப்பில் மினுமினுத்தது.

“இதைப் பாத்துட்டுத்தான் எம் புருசங்கிட்டப் போயி நான் காய் பறிச்சேன்னு சொன்னியா?”

“எனக்கும் புள்ளகுட்டி இருக்குது மாதம்மா. ரைட்டர் சொல்றதை நான் இல்லைங்கவா முடியும்?”

“முதலாளி வந்தா இதைக் காட்டுவியா?”

“மாட்டேன்” என்றார் முருகேசன். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“செரி. நீ காட்ட வேண்டாம். படத்தை அழிக்காம இரு. அழிச்சேன்னு தெரிஞ்சா உன் ஊட்டு வாசப்படியிலதான் நான் குடியிருப்பேன்.”

முதலாளி இரண்டாவது சனிக்கிழமைதான் வந்தார். படம் ஒட்டிப் பன்னிரண்டாவது நாள். அவர் காரிலிருந்து இறங்கியதும் மாதம்மாள் பலகையோடு போய் நின்றாள். ஆணியைப் பிடுங்கி, பலகையையே சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்னொரு கையில் மணல் வாளி.

“இது என்ன கலருங்க?” என்று வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

முதலாளிக்குக் கோபம் வந்தது. “என்னம்மா இது?”

“கலரை மட்டும் சொல்லுங்க.”

“சிவப்பு.”

“படத்துல பாருங்க.”

அவர் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். சத்யராஜ் ஓடிவந்து நடுவில் புகுந்தார். “பிரிண்டர்ல ஏதோ கோளாறுங்க சார். எனக்கே தெரியாது. ஆனா காய் வந்தது வாஸ்தவம்.”

“ஒரிஜினல் போன்ல இருக்குதில்ல?”

“அழிச்சுட்டனுங்க. இடம் பத்தலைன்னு.”

“முருகேசண்ணன் போன்ல இருக்குதுங்க” என்றாள் மாதம்மாள்.

முருகேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் முதலாளி கையை நீட்டியதும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. முதலாளி போனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த விவகாரம் அவருக்குச் சலிப்பாக இருந்தது. சேலத்தில் வேறு வேலை இருந்தது.

“சரி, படத்தைக் கிழிச்சுப் போடுங்க. நீ திங்கக்கிழமையில இருந்து பழத்துக்குப் போம்மா.”

“கிழிக்க வேண்டாமுங்க” என்றாள் மாதம்மாள். “பன்னெண்டு நாளு இது தொங்குச்சு. நெசமான படமும் அதே எடத்துல பன்னெண்டு நாளு தொங்கோணும்.”

“அதெல்லாம் எதுக்கு?”

“சிரிச்சவங்க பாக்கோணுமுங்க.”

முதலாளி சத்யராஜைப் பார்த்தார். “போட்டுக் குடுத்துடுய்யா. கலர் சரியா போடு. அந்தம்மா ஒத்துக்கிட்டாத்தான் ஒட்டணும்.” காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதம்மாள் ரைட்டர் குவார்ட்டர்ஸின் வாசலில் நின்றாள். வரும் வழியில் ஒரு செடியிலிருந்து பழம் ஐந்தாறு, காய் இரண்டு, ஒரு இலை பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். சத்யராஜின் மனைவி கனகா கதவைத் திறந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

“உள்ள வாங்கக்கா. என்னங்க விசயம்?”

“படம் போடோணும். ரைட்டரு போடறேன்னாரு.”

“எங்கூட்டு பிரிண்டர்லயா?” என்று கனகா சிரித்தாள். “அதுல ஒரு மாசமா செகப்பே வர்றதில்லீங்களே. பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு ரோஜாப்பூ போட்டா மஞ்ச சாமந்தி மாதிரி வந்துச்சு. அன்னைக்கே இவருகிட்டச் சொன்னேன், மை அடைச்சிருக்கும், பாருங்கன்னு.”

சத்யராஜ் உள்ளறையிலிருந்து வந்தார். “உன்னை யாரு இப்ப கேட்டா?” என்று மனைவியிடம் உறுமினார்.

மாதம்மாள் அவரைப் பார்த்தாள். தெரியாது என்று காலையில் முதலாளியிடம் சொன்ன அதே வாய்.  அதைக் கேட்டால் கனகாவுக்குத்தான் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

பிரிண்டரின் பக்கவாட்டில் நான்கு சின்னத் தொட்டிகள். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பைக் கொண்டுவரும் ராணி நிறம். ராணி நிறத் தொட்டியில் மை கழுத்து வரைக்கும் இருந்தது, ஆனால் காகிதத்துக்கு இறங்கவில்லை. சத்யராஜ் சோதனைத் தாள் ஒன்றை ஓடவிட்டார். மூன்று நிறங்களில் கோடுகள் வரிசையாக விழுந்தன. நான்காவது இடம் வெள்ளையாகக் கிடந்தது. கருவியைத் தானே சுத்தம் செய்துகொள்ளச் சொல்லும் பட்டனை அமுக்கினார். அது முக்கி முனகியது. இரண்டாவது தடவையில் ராணி நிறம் விட்டுவிட்டு வந்தது. மூன்றாவது தடவையில் கோடு முழுசாக விழுந்தது.

“இந்தா, வந்திருச்சு” என்று முருகேசன் அனுப்பியிருந்த படத்தை அச்சடித்து நீட்டினார்.

மாதம்மாள் முடிச்சை அவிழ்த்துப் பழத்தைத் தாளின்மேல் வைத்தாள். படத்தில் இருந்தது கத்தரிக்காய் நிறம்.

“இது பழமில்லீங்க.”

“சிவப்பு வந்திருக்குதில்ல?”

“இது செகப்பா? நீங்க இதைப் பறிச்சு வெச்சா நானே குழி வெட்ட அனுப்புவேன்.”

சத்யராஜ் பல்லைக் கடித்தார். சாதாரண வெள்ளைத் தாளை வைத்துவிட்டு, பளபளப்பான போட்டோத் தாள் என்று பிரிண்டருக்குச் சொல்லியிருந்தார். அது மையைக் கொட்டித் தீர்த்திருந்தது. பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த போட்டோத் தாளைக் கனகா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடுத்த படத்தில் பழம் பழமாக நெருங்கியது, ஆனால் எல்லாமே பூச்சு பூசியது போல மின்னியது. போன் தானாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டும்படி இருந்திருக்கிறது. அதையும் நிறுத்தினார்.

“இப்பப் பாரு. போன்ல இருக்கற மாதிரியே இருக்கு.”

“போனையா ஒட்டப் போறீங்க? வெளிய வாங்க.”

“எதுக்கு?”

“உங்கூட்டு லைட்டு மஞ்ச. வெளிச்சத்துல பாக்கோணும்.”

அவர் வந்தார். வராமல் என்ன செய்ய? வாசலில் மூடுபனி இன்னும் இறங்கவில்லை. வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. பழத்தையும் இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் இலை நீலமடித்திருப்பது தெரிந்தது. மறுபடியும் உள்ளே. மறுபடியும் வெளியே. வந்தவுடன் ஈரத்தோடு ஒரு நிறம், பத்து நிமிடம் காய்ந்ததும் வேறொரு நிறம் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளையும் காயவிட்டுத்தான் பார்த்தாள். அந்தப் பத்து நிமிடங்களில் இரண்டு பேரும் வாசற்படியில் ஆளுக்கொரு மூலையில், முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கனகா கொண்டுவந்த டீயை மாதம்மாள் வாங்கவில்லை.

“ஒரு பழத்துக்கு இத்தனை ஆட்டமா?” என்றார் சத்யராஜ், ஆறாவது தாளை வீசி எறிந்து.

“பழத்துக்கில்லீங்க.”

ஏழாவது தாளைக் காயவிட்டுக் கையில் எடுத்தாள். பழத்தை வைத்தாள். இலையை வைத்தாள். சரியாக இருந்தது. கனகாவின் கண்ணாடியை வாங்கித் தன் நெற்றியைப் பார்த்துவிட்டுப் படத்தில் பார்த்தாள். பொட்டு பொட்டாக இருந்தது. பிறகு முந்தானையில் மிச்சமிருந்த காயை எடுத்து, சும்மா பார்ப்பதற்காக, படத்தின் ஓரத்தில் வைத்தாள்.

அங்கேதான் அதைக் கண்டாள். படத்தின் வலது ஓரத்தில் இன்னொரு குவியல் பாதி தெரிந்தது. சிவப்பு எல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்த பிறகும் அந்தக் குவியல் பச்சையாகவே இருந்தது. அவள் கையில் இருந்த காயின் அதே பச்சை. குவியலுக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் கூடை, கைப்பிடியில் வெள்ளைத் துணி சுற்றியது. அந்தக் கூடையை லைனில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மருதாயியின் கூடை.

சத்யராஜும் எட்டிப் பார்த்துவிட்டார். அன்று முழுவதும் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அட. கலர் சரியா வந்தாத்தான் எல்லாம் தெரியுது பாத்தியா? மாட்டிரலாம் மாதம்மா. நீதான கேட்ட, நெசமான படம் வேணும்னு? உன் பக்கத்து ஊட்டுக்காரிதான். திங்கக்கிழமை அவ குழி வெட்டட்டும்.”

மாதம்மாள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மருதாயி, முதல் படம் ஒட்டிய அன்று காலையில் பலகை முன்னால் நின்றவள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள். பன்னிரண்டு நாள் இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, காய் கலந்தது தன் குவியலில்தான் என்று தெரிந்தும் மூச்சுவிடவில்லை. அவளை மண்வெட்டியோடு சரிவில் பார்க்க மாதம்மாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதைத் தனக்குள்ளேகூட மறைக்க அவளால் முடியவில்லை. ஆனால் இந்த ஆளின் கையால் அது நடக்கப் போகிறது, இந்த ஆளின் சிரிப்போடு நடக்கப் போகிறது என்று நினைத்தபோது அந்த ஆசையே கசந்துபோனது.

“கனகா, கத்திரி இருக்கா கண்ணு?”

“அதை வெட்டக்கூடாது” என்றார் சத்யராஜ்.

“நான் ஒத்துக்கிட்டாத்தான் ஒட்டணும்னு முதலாளி சொன்னாருங்க. இந்த ஓரத்தோட நான் ஒத்துக்கல.”

“போன்ல இருக்குதே. நான் காட்டுவேன்.”

“காட்டுங்க. ஒரு மாசமா செகப்பு வராத மிசின்ல எம் படத்தைப் போட்டதையும் நான் சொல்றேன். எல்லாத்தையும் ஒண்ணாவே காட்டலாம்.”

கனகா கத்திரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது புருஷனைப் பார்க்கவில்லை. மாதம்மாள் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரத்தை வெட்டி எடுத்தாள். படத்தை மேசையில் வைத்தாள். வெட்டிய துண்டை முந்தானையில் முடிந்தாள்.

“ஏழு தாளும் மையும் உன்னாலதான் வீணாச்சு” என்று பின்னாலிருந்து சத்யராஜ் சொன்னார். “உன் திமிருக்கு ஒரு நாளு இருக்கு.”

“அந்த நாளும் படம் போட்டு ஒட்டுங்க. கலர் பாத்துச் சொல்றேன்” என்றுவிட்டு அவள் இறங்கினாள்.

லைனுக்கு வந்தபோது மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. மருதாயி வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். மாதம்மாள் முடிச்சை அவிழ்த்து, அந்தத் துண்டுத் தாளை அவள் முன்னால் இருந்த கட்டையின் மேல் வைத்தாள்.

மருதாயி குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. இரண்டு வருடமாகக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ என்று எல்லோரும் சொல்லியும் போகாதவள். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிவைத்து, மறுபடியும் கிட்டே கொண்டுவந்தாள்.

“என்னடி இது?”

“உன் கூடை. உன் குவியல்.”

“அதுக்கு?”

“படத்துல இருந்துச்சு. வெட்டி எடுத்துட்டேன். ரைட்டரு ஒட்டப் பாத்தான்.”

மருதாயி தாளைக் கீழே போட்டாள். அரிவாளை மறுபடியும் கையில் எடுத்தாள். “உன்னை எவ வெட்டச் சொன்னா? நான் கேட்டனா? இனிமே காலம் பூரா இதைச் சொல்லிக் காட்டறதுக்கா?”

“பன்னெண்டு நாளு வாயை மூடிக்கிட்டு இருந்தியேடி. அதைக் கேக்க மாட்டியா?”

“நீ ஊர்ல எல்லாத்தையும் பேசறவ. உனக்கு நொம்ப வலிக்கட்டும்னுதான் இருந்தேன்.”

 உண்மையைச் சொன்னதற்காக மட்டும் அந்த நிமிடத்தில் மாதம்மாளுக்கு அவள்மேல் இருந்த கோபம் ஒரு சுற்றுக் குறைந்தது போலிருந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை.

“திங்கக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போ. போகலைன்னா மறுநாளே உன் பக்கத்துச் செடியில நான்தான் நிப்பேன். ஒவ்வொரு காய்க்கும் உன்னைத் திட்டுவேன்.”

“திட்டு. கேட்டுத்தான பழக்கம்.”

திங்கட்கிழமை பலகை பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டப்பட்டது. அதில் ஏழாவது தாள், ஒரு ஓரம் குறுகலாக, ஒட்டியிருந்தது. கீழே எழுத்து எதுவும் இல்லை. இரண்டொரு பெண்கள் பார்த்துவிட்டு, ‘பழம் நல்லாத்தான் இருக்குது’ என்றார்கள். மற்றவர்கள் பார்க்கவே இல்லை. அன்று சிரித்த யாரும் வந்து மாதம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு படத்துக்காக இத்தனை கலாட்டா பண்ணினாளே, எவ்வளவு திமிர் என்றுதான் லைனில் பேசிக்கொண்டார்கள்.

சத்யராஜ் அவளுக்கு அந்தப் பருவம் முழுக்கச் செங்குத்துச் சரிவிலேயே பழம் பறிக்கும் நிரை ஒதுக்கினார். அவள் போனாள். அவரோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம், “ரைட்டருகிட்டச் சொல்லுங்க” என்பாள், அவர் மூன்றடி தூரத்தில் நிற்கும்போதே. காளியப்பன் ஒரு நாள் மாலை, முருகேசனை வரவழைத்துக் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகை வரைக்கும் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து கட்டிலில் சாய்ந்து, “பொட்டு நல்லா விழுந்திருக்குது” என்றார். மாதம்மாள் அடுப்பைப் பார்த்தபடி, “மூணு வாரத்துக்கு முன்னாடியே எம் மூஞ்சியைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

மருதாயி மாசி மாதம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனது மாதம்மாள்தான். போகும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். வரும்போதும் அப்படித்தான்.